ஏசி கேஸ் ஒரு கிலோ கசிந்தால் எத்தனை லிட்டர் பெட்ரோல்? வெப்பமயமாதலைக் குறைக்கும் வழிகள்: கணக்கோடு பேசும் இழை

#1 வளிமானி

வெப்பமயமாதல் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் 'மரம் நடுங்க, லைட்டை அணைங்க' என்பதில் போய் நின்றுவிடுகிறது. இரண்டும் நல்லதுதான். ஆனால் எது எவ்வளவு என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஆகவே இந்த இழைக்கு ஒரே நிபந்தனை: எந்த வழியைச் சொன்னாலும் எத்தனை கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று சொல்லுங்கள். முடியாவிட்டால் எப்படி அளப்பது என்றாவது சொல்லுங்கள்.

அடிப்படை எண்களை நான் போட்டுவிடுகிறேன்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 280 கார்பன் டை ஆக்சைடு. விஞ்ஞானி சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315-ஐ ஒட்டி இருந்தது. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடாகப் பதிவான முதல் ஆண்டும் அதே 2024-தான். உலக வானிலை அமைப்பின் கணக்கில் சுமார் 1.55.

மொத்தமாக ஒரு லட்சம் கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வெளியானால் புவியின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.45 டிகிரி ஏறும் என்பது ஐபிசிசியின் (ஐ.நா.வின் காலநிலை மாற்ற அறிவியல் குழு) ஆறாம் அறிக்கை மதிப்பீடு. இது நேர்கோட்டுக் கணக்கு. எந்த ஆண்டில் வெளியானது என்பது முக்கியமில்லை, கூட்டுத்தொகைதான் பேசும்.

அன்றாடக் கணக்குக்கு, வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு:

- பெட்ரோல் ஒரு லிட்டர்: 2.3 கிலோ
- டீசல் ஒரு லிட்டர்: 2.7 கிலோ
- சமையல் கேஸ் (எல்பிஜி) ஒரு கிலோ: சுமார் 3 கிலோ
- நிலக்கரி மின்சாரம் ஒரு யூனிட்: 0.82 கிலோ (சுரங்கம் முதல் சாம்பல் வரை சேர்த்து)
- சூரிய மின்சாரம் ஒரு யூனிட்: 0.04 கிலோ அளவில். காற்றாலையும் அணுமின்சாரமும் 0.012 அளவில்

கடைசி இரண்டு வரிகளும் ஐபிசிசி 2014-இல் தந்த நடு மதிப்புகள். சூரியத் தகட்டைச் செய்வதில் வெளியாகும் புகை அதன் பிறகு இறங்கியிருக்கிறது, கூடவில்லை.

#2 எண்சுவடி

முதல் வரியே இடிக்கிறது. பெட்ரோல் ஒரு லிட்டரின் எடையே முக்கால் கிலோதான். அதிலிருந்து 2.3 கிலோ புகை எப்படி?

#3 வளிமானி

மீதி எடை காற்றிலிருந்து வருகிறது. ஒரு லிட்டரில் கார்பன் மட்டும் 0.63 கிலோ. எரியும்போது 12 பங்கு கார்பன் 32 பங்கு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு 44 ஆகிறது. 44-ஐ 12-ஆல் வகுத்தால் 3.67. அதை 0.63-ஆல் பெருக்கிப் பாருங்கள், 2.3 வரும். இந்த 3.67-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 'கார்பன்' டன்னையும் 'கார்பன் டை ஆக்சைடு' டன்னையும் ஒன்றென நினைத்துப் பாதிப் பேர் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள்.

#4 குளிர்பெட்டி

கிலோ என்று கேட்டதால் என் துறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். இதில் கிலோவுக்குக் கிலோ கணக்கு தலைசுற்ற வைக்கும்.

ஏசியின் உள்ளே ஓடும் கேஸ் காற்றில் கலந்தால், அதே எடை கார்பன் டை ஆக்சைடைவிட நூறு ஆண்டுக் கணக்கில் எத்தனை மடங்கு சூடேற்றும்?

- ஆர்-22: 1,810 மடங்கு
- ஆர்-410ஏ: 2,088 மடங்கு
- ஆர்-32: 675 மடங்கு
- ஆர்-134ஏ (கார் ஏசியிலும் பழைய ஃபிரிட்ஜிலும்): 1,430 மடங்கு
- ஆர்-290, அதாவது புரொப்பேன்: ஒற்றை இலக்கம்

இவை ஐபிசிசியின் நான்காம் அறிக்கை எண்கள். தொழிலில் இன்னும் இவைதான் புழங்குகின்றன; பிந்தைய அறிக்கைகளில் கொஞ்சம் மாறும்.

ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏசியில் ஒரு கிலோவை ஒட்டி கேஸ் இருக்கும். ஆர்-410ஏ ஒரு கிலோ முழுவதும் கசிந்தால் 2,088 கிலோ. 2.3-ஆல் வகுத்தால் சுமார் 900 லிட்டர் பெட்ரோல். அதே ஏசி மணிக்குச் சராசரி 1.2 யூனிட் எடுத்து, நாளுக்கு 6 மணி நேரம், ஆண்டுக்கு 150 நாள் ஓடினால் 1,080 யூனிட். நிலக்கரி மின்சாரம் என்றே வைத்தாலும் 885 கிலோ. ஆக, ஒரே ஒரு முழுக் கசிவு இரண்டு ஆண்டுக்கு மேலான மின்சாரப் புகைக்குச் சமம். 'ஏசியை 26-இல் வை' என்று எல்லோரும் சொல்கிறார்கள். 'கேஸ் ஏன் தீர்ந்தது' என்று யாரும் கேட்பதில்லை.

ஏசி மூடிய சுற்று. அதில் கேஸ் 'தீர்ந்து' போகாது. வருடா வருடம் கேஸ் அடிக்க வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அதை அடைக்காமலே மேலும் மேலும் ஊற்றுகிறார்கள் என்று பொருள். கசிவு பெரும்பாலும் எங்கே:

ஃபிளேர் நட்தான் (விரித்த குழாய் வாயை இணைக்கும் நட்) முதல் சந்தேகம். செம்புக் குழாயை வெட்டியபின் உள்பிசிரை எடுக்காமல் விரித்தால் விளிம்பில் கீறல் விழும். பிசிரை எடுக்கும்போது குழாயின் வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும், இல்லையென்றால் செம்புத் தூள் உள்ளே போய் விரிவு வால்வை அடைக்கும். விரித்த முகத்தில் இரண்டு சொட்டு குளிர்பதன எண்ணெய் தடவி, நட்டை முதலில் கையாலேயே கடைசிவரை ஏற்றி, பிறகு டார்க் ஸ்பானர். கால் அங்குலக் குழாய்க்கு 14 முதல் 18 நியூட்டன் மீட்டர். 3/8 அங்குலத்துக்கு 33 முதல் 42. இறுக்கம் கூடினால் பத்திரம் என்று பலம் போட்டு முறுக்குவதுதான் பெரிய தவறு. மென்செம்பு நசுங்கி மெலிந்து, சில மாத அதிர்வில் வெடிக்கும்.

இரண்டாவது, வேக்குவம். குழாயிலுள்ள காற்றை வெளியேற்ற, வெளி யூனிட்டின் கேஸையே கொஞ்சம் திறந்துவிட்டு 'ஊதி' எடுக்கும் பழக்கம் இருக்கிறது. இது இரட்டைக் கேடு. கேஸ் நேரே வானத்துக்குப் போகிறது. ஈரப்பதமோ உள்ளேயே தங்குகிறது. ஈரம் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசர் சுருளைத் தின்னும். சரியான வரிசை: முதலில் உலர் நைட்ரஜனை ஏற்றி அழுத்தச் சோதனை, யூனிட்டின் பெயர்ப்பலகையில் குறித்த அழுத்தத்தைத் தாண்டாமல். சோப்பு நுரையால் ஒவ்வொரு இணைப்பும் பார்க்க வேண்டும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டவே கூடாது, எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். பிறகு வேக்குவம் பம்ப் போட்டு 500 மைக்ரானுக்குக் (வேக்குவத்தை அளக்கும் அழுத்த அலகு) கீழே இறக்கி, பம்ப்பை மூடி, பத்து நிமிடம் மானியைப் பார்க்க வேண்டும். கொஞ்சம் ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். இன்னும் இழுக்க வேண்டும். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் ஓட்டை. சாதாரண நீல மானியில் இது தெரியாது, தனி மைக்ரான் மானி வேண்டும்.

மூன்றாவது, இடம் மாற்றும்போது (பின்சேர்க்கை: கசிவு இல்லாத யூனிட்டுக்கு மட்டும்). கேஸை வெளியே விடாமல் வெளி யூனிட்டுக்குள் இழுத்து அடைக்கலாம். ஏசியைக் குளிர் நிலையில் ஓடவிட்டு, மெல்லிய குழாயின் வால்வை முதலில் மூட வேண்டும். தடித்த குழாயின் அழுத்தம் பூஜ்யத்தை நெருங்கும்போது அதையும் மூடி, உடனே ஏசியை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிட வேலை. ஒரு கிலோவை மிச்சம் பிடிக்கிறது.

#5 எண்சுவடி

பழைய கேஸ் ஓசோனில் ஓட்டை போட்டது, அதனால்தான் பூமி சூடானது, புதிய கேஸ் வந்துவிட்டதால் பிரச்சினை தீர்ந்தது என்றுதானே படித்தோம்?

#6 குளிர்பெட்டி

இரண்டு வேறு நோய்களை ஒன்றாக்கிவிட்டார்கள். ஓசோன் குறைந்தால் புற ஊதாக் கதிர் கூடுதலாக இறங்கும். பூமி சூடாவதற்கு அது முக்கியக் காரணம் அல்ல. 1987 மான்ட்ரியல் ஒப்பந்தம் ஆர்-22 போன்ற குளோரின் உள்ள கேஸ்களைப் படிப்படியாக ஒழிக்க வழிவகுத்தது. அவற்றுக்குப் பதிலாக வந்த ஆர்-410ஏ, ஆர்-134ஏ போன்றவற்றில் குளோரின் இல்லை, ஓசோனைத் தொடாது. ஆனால் வெப்பத்தைப் பிடிப்பதில் பலே கில்லாடிகள். அதனால்தான் 2016-இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் அதே ஒப்பந்தத்தைத் திருத்தி இவற்றையும் படிப்படியாகக் குறைக்க முடிவானது. முழுதாக நடந்தால் நூற்றாண்டின் முடிவில் அரை டிகிரி வரை தவிர்க்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 'ஓசோனுக்குப் பாதுகாப்பானது' என்ற பச்சை ஸ்டிக்கர் வெப்பமயமாதலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

#7 ஏன்எதற்கு

எனக்கு அடிப்படையிலேயே சந்தேகம். காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் ஒரு வாயு முழு பூமியையும் சூடாக்குமா? சூரியன் கூடுதலாகக் காய்கிறது என்று ஏன் இருக்கக் கூடாது?

#8 வளிமானி

நியாயமான கேள்வி. காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். அவை இரண்டணு மூலக்கூறுகள். தரையிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரை அவை கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. ஆகவே போட்டி மீதமுள்ள ஒரு சதவீதத்துக்குள்தான். கார்பன் டை ஆக்சைடு 15 மைக்ரோமீட்டர் அலைநீளத்தைச் சுற்றி விழுங்குகிறது. பூமி வெப்பத்தை அதிகம் உமிழும் பட்டையும் அங்கேதான் இருக்கிறது. யூனிஸ் ஃபூட் 1856-இல் கண்ணாடிக் குழாயில் அடைத்து வெயிலில் வைத்தே இந்த வாயு கூடுதலாகச் சூடாவதைக் காட்டினார். ஸ்வான்டே அரேனியஸ் 1896-இல் அதைக் கணக்காகவே போட்டுவிட்டார்.

சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாக வேண்டும். நடப்பது வேறு: கீழடுக்கு சூடாகிறது, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. போர்வை போர்த்திய உடம்பு மாதிரி, சூடு உள்ளே தங்கினால் வெளிப்பக்கம் ஆறும். இன்னொரு தடயமும் உண்டு. தாவரத்திலிருந்து பிறந்த எரிபொருளில் கார்பன்-13 (கார்பனின் சற்றுக் கனமான வகை) குறைவு. காற்றிலும் கார்பன்-13 விகிதம் இறங்கிக்கொண்டே வருகிறது. எரித்ததற்கு ஈடாக ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில் குறைகிறது. கைரேகை மூன்று இடத்தில் கிடைத்திருக்கிறது.

#9 ஏன்எதற்கு

மேலடுக்கு குளிர்கிறது என்பது புதுச் செய்தி. அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் 1.5 டிகிரி என்பது காலைக்கும் மாலைக்கும் உள்ள வித்தியாசத்தைவிடச் சிறியது. அதற்கு ஏன் இத்தனை கலவரம்?

#10 ஈரத்துணி

சராசரி 1.5 ஏறும்போது விளிம்புகள் அதைவிட அதிகம் ஏறும். கடலைவிட நிலம் வேகமாகச் சூடாகிறது. காற்று ஒரு டிகிரி சூடானால் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்தால் கொட்டித் தீர்க்கும், பெய்யாத இடத்தில் மண்ணை உறிஞ்சி எடுக்கும். சேரும் வெப்பத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குப் போகிறது, கடல் விரிகிறது, பனி உருகிச் சேர்கிறது. 1901 முதல் 2018 வரை மட்டம் சுமார் 20 செ.மீ. உயர்ந்தது, கடைசிக் கட்டத்தில் வேகம் ஆண்டுக்கு 3.7 மி.மீ.

ஆனால் மனித உடம்புக்கு முக்கியமானது வேறொரு எண்: ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் நனைந்த துணியைச் சுற்றிக் காற்றடித்தால் எவ்வளவு வரை இறங்குகிறதோ அதுதான். வியர்வையால் உடம்பு எவ்வளவு ஆற முடியும் என்பதற்கு அது எல்லை.

சும்மா எண்ணைப் பாருங்கள். 45 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம்: ஈரக்குமிழ் 26. 38 டிகிரி, 50 சதவீதம்: 29. வெறும் 35 டிகிரி, 75 சதவீதம்: 31. செய்தியில் 45 என்றால் அலறுகிறார்கள், 35 என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வியர்வை ஆறுவதில் மூன்றாவதுதான் மோசம். கோட்பாட்டளவில் எல்லை 35 என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது ஈரமான காற்றில் 31-ஐ ஒட்டியே உடல் வெப்பம் கட்டுமீறத் தொடங்கியது. முதியவர்களுக்கு இன்னும் கீழே. 45 டிகிரி வறண்ட வெயில் பாதுகாப்பானது என்று இதற்குப் பொருள் இல்லை. அங்கே உடம்பிலிருந்து நீர் போகிற வேகமே ஆபத்து.

நீங்களே அளக்கலாம். இரண்டு ஒரே மாதிரி வெப்பமானி. ஒன்றின் குமிழில் கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணிக் குழல். காய்ச்சி வடித்த நீர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிந்து, சில நாளில் அளவு கூட்டிக் காட்டும். வினாடிக்கு மூன்று மீட்டருக்குக் குறையாத காற்று, சிறு விசிறி போதும். நிழலில் வைத்து, இறக்கம் நின்றபின் படிக்க வேண்டும். பிழை வந்தால் எப்போதுமே ஒரே பக்கம்தான் வரும்: துணி உலர்ந்திருந்தாலும், காற்று போதாமல் இருந்தாலும், வெயில் பட்டாலும் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். குறைத்துக் காட்டவே காட்டாது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

#11 கூரைமேல்

ஈரத்துணி சொன்ன சூட்டுக்கு ஏசி வாங்குவதற்கு முன் கூரையைப் பாருங்கள். நடுப்பகலில் கூரையில் சதுர மீட்டருக்கு 1,000 வாட் வரை வெயில் விழும். பழைய கான்கிரீட் தளம் அதில் முக்கால் பங்கை விழுங்கும். நல்ல வெள்ளைப் பூச்சு கால் பங்கைத்தான் விழுங்கும். வித்தியாசம் சதுர மீட்டருக்கு 500 வாட். 50 சதுர மீட்டர் கூரையில் 25 கிலோவாட்.

#12 குளிர்பெட்டி

அந்த 25 கிலோவாட்டும் அறைக்குள் வருவதில்லையே. பெரும்பகுதி காற்றுக்கும் வானத்துக்கும் திரும்பிப் போகிறது. இப்படிச் சொன்னால் ஏழு டன் ஏசி மிச்சம் என்று எவராவது கணக்குப் போட்டுவிடுவார்.

#13 கூரைமேல்

ஒப்புக்கொள்கிறேன், அது கூரையின் மேற்பரப்புக் கணக்கு. அறைக்குள் இறங்குவது அதில் சிறு பங்கு, தளத்தின் தடிமனையும் காப்பையும் பொறுத்தது. அதுவும் உடனே இறங்காது. கான்கிரீட் சில மணி நேரம் பிடித்து வைத்து, நீங்கள் படுக்கப் போகும் நேரமாகப் பார்த்துக் கொடுக்கும். பகலில் வெளியே சூடு, இரவில் உள்ளே சூடு என்பதன் காரணம் இதுதான்.

செய்முறை. முதலில் ஈரச் சோதனை: அரை மீட்டர் சதுரப் பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் தளம் உள்ளே ஈரமாக இருக்கிறது. அதன்மேல் அக்ரிலிக் பூச்சு போட்டால் ஆவி வெளியேற வழியில்லாமல் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பும். காயும்வரை காத்திருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

பாசியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கழுவி, வெடிப்பை அடைத்து, நீர் தேங்கும் பள்ளங்களுக்குச் சரிவு கொடுங்கள். தேங்கிய நீர்தான் வெள்ளைப் பூச்சின் எமன். பிரைமர், அதன்மேல் இரண்டு கோட். முதலாவது நீளவாக்கில், நன்றாகக் காய்ந்தபின் இரண்டாவது அகலவாக்கில். மதிய வெயிலில் பூசக் கூடாது: மேல்தோல் சட்டென்று காய்ந்து, அடியில் நீர் சிக்கிக்கொள்ளும். காலையில் பனி உலர்ந்ததும் தொடங்குவது சரி.

சுண்ணாம்பும் வேலை செய்யும். ஒரு கிலோ சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர், கட்டி போக வடிகட்டி, கொஞ்சம் பசை கலந்து மூன்று கோட். கற்சுண்ணாம்பு என்றால் ஒரு நாள் முன்பே நீற்ற வேண்டும். நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். கனமழையில் கரையும், பருவத்துக்கொருமுறை பூச வேண்டியிருக்கும்.

ஒன்றை மட்டும் யாரும் சொல்வதில்லை: தூசு. புதிதில் 80 சதவீதம் எதிரொளிக்கும் பூச்சு ஓரிரு ஆண்டில் 60-ஐ நோக்கி இறங்கும். வெயில் காலம் தொடங்குமுன் ஒருமுறை தேய்த்துக் கழுவினால் பெரும்பகுதி திரும்பி வரும். குளிர் அதிகமான நாடுகளில் இதே வெள்ளைக் கூரை குளிர்காலத்தில் ஹீட்டர் செலவைக் கூட்டும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

#14 வரப்பு

கார்பன் டை ஆக்சைடு மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் 27 மடங்குக்கு மேல், இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. காற்றில் ஒரு பத்துப் பன்னிரண்டு ஆண்டுதான் நிற்கும். அதனால் மீத்தேனைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

நீர் கட்டிய நெல்வயல் ஒரு மீத்தேன் ஆலை. மண்ணுக்கு ஆக்சிஜன் கிடைக்காதபோது அங்குள்ள நுண்ணுயிர்கள் வைக்கோல் மக்கை மீத்தேனாக மாற்றும். நெற்பயிரின் தண்டே குழாய் மாதிரி அதை மேலே அனுப்பிவிடும். காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் இந்தச் சங்கிலி அறுபடும்.

30 செ.மீ. நீளக் குழாய், விட்டம் 10 முதல் 15 செ.மீ. அடிப்பாதியில் சுற்றிலும் துளை. துளையுள்ள பகுதி மண்ணுக்குள் போகுமாறு வயலில் நட்டு, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். குழாய்க்குள் தெரிவதுதான் வேர்ப்பகுதியின் நீர்மட்டம். நட்டு ஓரிரு வாரம் சென்றபின், மட்டம் தரைக்குக் கீழே 15 செ.மீ. இறங்கும்வரை பாய்ச்ச வேண்டாம். இறங்கியதும் 5 செ.மீ. உயரம் நீர். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது. அப்போது காய்ந்தால் பதர்தான் மிஞ்சும்.

தவறு நடக்கும் இடங்கள்: குழாயை வரப்போரம் நடுவது, வரப்பில் நீர் கசிவதால் மட்டம் பொய் சொல்லும். களை அதிகமுள்ள வயலில் முதல் வாரத்திலேயே காயவிடுவது; அங்கே இரண்டு மூன்று வாரம் தள்ளித் தொடங்க வேண்டும். யூரியாவை நனைந்த மண்ணில் போட்டுவிட்டுப் பிறகு காயவிடுவதும் தவறு. காய்ந்து நனையும் மண்ணில் தழைச்சத்து நைட்ரஸ் ஆக்சைடாகக் கிளம்பும், அதன் மடங்கு 273. உரத்தைக் காய்ந்த மண்ணில் போட்டு உடனே பாய்ச்சினால் அது வேரோடு இறங்கும்.

மீத்தேன் பாதியளவு குறையும், நீரும் 30 சதவீதம் வரை மிச்சம். வைக்கோலை நடவுக்கு முந்தின வாரம் மடக்கி உழாமல், ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே உழுதுவிட்டால் இன்னும் குறையும்.

#15 எருக்குழி

அதே தத்துவம்தான் குப்பைக்கும். சமையலறைக் கழிவைப் பையில் கட்டிக் குப்பைமேட்டில் புதைத்தால் மீத்தேன். காற்றோட்டமாக மக்கவிட்டால் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. ஆனால் 'உரக்குழி வைத்திருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டு ஆழமாகக் குழி தோண்டி மூடி வைத்தால் அதுவும் சின்னக் குப்பைமேடுதான்.

கார்பன், நைட்ரஜன் விகிதம் 25-30க்கு 1. நடைமுறையில் காய்கறிக் கழிவு ஒரு கூடை என்றால் காய்ந்த இலை இரண்டு மூன்று கூடை. ஈரம் 50-60 சதவீதம்: கைப்பிடி எடுத்து இறுக்கினால் ஓரிரு சொட்டு வர வேண்டும், ஒழுகக் கூடாது. குவியல் ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. நடுவில் 55 முதல் 65 டிகிரி வந்தால் நோய்க்கிருமி சாகும். 70-ஐத் தாண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிரும் சேர்ந்தே சாகும், கிளறிவிடுங்கள்.

மூக்கே மானி. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போதவில்லை, மீத்தேனும் போய்க்கொண்டிருக்கிறது. கிளறி, சருகு சேருங்கள். அம்மோனியா நெடி என்றால் பச்சைக் கழிவு அதிகம், சருகேதான் மருந்து. வாடையும் இல்லை சூடும் இல்லை என்றால் காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளியுங்கள்.

#16 எண்சுவடி

மரத்தை ஏன் எல்லோரும் ஒதுக்கிவிட்டீர்கள்? அதற்கும் கிலோ சொல்லுங்கள்.

#17 வளிமானி

உலர்ந்த எடை 500 கிலோ உள்ள மரம் என்று வையுங்கள். பாதி கார்பன், 250 கிலோ. 3.67-ஆல் பெருக்கினால் 917. பல பத்தாண்டு வளர்ந்த முழு மரத்தின் மொத்தக் கையிருப்பு அது. குளிர்பெட்டி சொன்ன ஆர்-410ஏ அரைக் கிலோ கசிந்தாலே அதைவிட அதிகம். அந்த மரம் எரிந்தாலோ மக்கினாலோ சேமிப்பு காற்றுக்கே திரும்பும். நிழலுக்கும் மண்ணுக்கும் நீருக்கும் மரம் வேண்டும், சந்தேகமில்லை. பெட்ரோலுக்குப் பரிகாரமாக மரத்தைக் காட்டுவதைத்தான் நான் ஏற்பதில்லை. இருக்கிற காட்டை வெட்டாமல் விடுவது புதுக் கன்று நடுவதைவிட எத்தனையோ மடங்கு.

#18 ஏன்எதற்கு

எல்லோரும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக வைத்துக்கொள்வோம். வெப்பநிலை எப்போது பழைய நிலைக்கு இறங்கும்?

#19 வளிமானி

இறங்காது, நிற்கும். வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்குச் சற்றுக் குறைவு காற்றில் தங்குகிறது, மீதியைக் கடலும் நிலமும் எடுத்துக்கொள்கின்றன. வெளியீடு பூஜ்யமானால் அவை தொடர்ந்து எடுப்பதும், கடல் இன்னும் சூடாக வேண்டியதும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஆகவே எந்த டிகிரியில் நிறுத்துகிறோமோ அதை ஒட்டியே பல தலைமுறைக்கு நிற்கும். மீத்தேன் மட்டும் விதிவிலக்கு. அதை நிறுத்தினால் ஓரளவு இறங்கவே செய்யும். வரப்பும் எருக்குழியும் சொன்னதற்கு அதனால்தான் தனி மதிப்பு. கடல்மட்டமோ வெப்பநிலை நின்றபிறகும் நூற்றாண்டுக் கணக்கில் ஏறிக்கொண்டிருக்கும்.

#20 எண்சுவடி

குளிர்பெட்டி, இரண்டு கேள்வி. ஆர்-32-க்கு 675 என்றால் அது நல்ல கேஸ் என்று எடுத்துக்கொள்ளலாமா? ஏற்கெனவே கசிகிற ஏசியிலும் நீங்கள் சொன்ன மாதிரி கேஸை உள்ளே இழுத்து அடைக்கலாமா?

#21 குளிர்பெட்டி

முதலாவது: ஆர்-410ஏவைவிட நல்லது, அவ்வளவுதான். ஆர்-32 காற்றில் ஐந்தாண்டு அளவில்தான் நிற்கும். நூறு ஆண்டுக்குப் பரப்பிக் காட்டும்போது எண் சிறிதாகத் தெரிகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் அதுவே, ஐபிசிசியின் ஆறாம் அறிக்கைப்படி, சுமார் 2,690. மேலும் அது லேசாகத் தீப்பற்றும், புரொப்பேன் நன்றாகவே பற்றும். ஆகவே ஆர்-22 யூனிட்டில் புரொப்பேனை ஊற்றி ஓட்டலாம் என்ற யோசனைக்குப் போகவே வேண்டாம். அதன் சுவிட்சும் ரிலேயும் பொறி பறக்காதபடி செய்யப்பட்டவை அல்ல.

இரண்டாவது கேள்விக்குப் பதில் கண்டிப்பாகக் கூடாது. கேட்டது நல்லதாயிற்று, #4-இல் சொல்லாமல் விட்டுவிட்டேன். தாழ்வழுத்தப் பக்கம் ஓட்டை இருக்கும்போது கம்ப்ரசரை ஓட்டி இழுத்தால் வெளிக்காற்று உள்ளே வரும். காற்றும் எண்ணெய் ஆவியும் சேர்ந்து நெருக்கப்பட்டால் டீசல் எஞ்சின் போலத் தானே பற்றிக் கம்ப்ரசர் வெடிக்கும். இரண்டு வால்வையும் மூடாமல் குழாயைக் கழற்றினாலும், மூடியபின் ஏசியை நிறுத்த மறந்தாலும் இதே ஆபத்து. கசிகிற யூனிட்டில் மீதமிருக்கும் கேஸை மீட்பு இயந்திரம் வைத்துத் தனிச் சிலிண்டரில்தான் எடுக்க வேண்டும். சிலிண்டரை எடை பார்த்து 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பாமல். சூடானால் திரவம் விரிய இடம் வேண்டும்.

எங்கே கசிகிறது என்று தேடும்போது முதலில் எண்ணெய்க் கறையைப் பாருங்கள். கேஸ் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் போகும்போது கொஞ்சம் எண்ணெயை இழுத்துக்கொண்டு போகும். நட்டைச் சுற்றி தூசு ஒட்டிய பிசுபிசுப்பு வளையம் இருந்தால் ஓட்டை பெரும்பாலும் அதே இடத்தில்தான்.

#22 வளிமானி

#4-இன் மூன்றாவது பகுதியில் 'கசிவு இல்லாத யூனிட்டுக்கு மட்டும்' என்று சேர்த்துவிடுங்கள் குளிர்பெட்டி. பாதி இழையைப் படித்துவிட்டு ஸ்பானரை எடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

#23 குளிர்பெட்டி

சேர்த்துவிட்டேன்.